ஒட்டாமல் விட்ட சீட்டு

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. கதவோரம் உட்கார்ந்திருக்கிற நீயும் உள்ளே வாம்மா, அங்கே தூத்தல் அடிக்குது. கையில் இருக்கிற போனை அணைக்க வேண்டாம். சத்தத்தை மட்டும் குறைச்சு மடியில் வச்சுக்கோங்க. ஒரு கதை சொல்றேன். சந்தோஷமான கதை இல்லை, அதை முன்னாடியே சொல்லிடறேன். மனசு தாங்காதவங்க பக்கத்தில் இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. ரெண்டு விரல் அகலச் சீட்டு ஒண்ணை ஒட்டாமல் விட்ட மனுஷனோட கதை இது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷவுகத் அலிக்கு போன் ரிப்பேர் கடை. கடை என்றால் என்ன, ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். கண்ணாடி உடைந்தது, சார்ஜ் ஏறாதது எல்லாம் வரும். ஆனால் அவர் பெயர் பெற்றது வேறொரு வேலைக்கு. வெளிநாட்டிலிருந்து வருகிற போனை நம்ம ஊர் சிக்னல் பிடிக்க வைப்பார். துபாய்க்கும் ஜப்பானுக்கும் போன பிள்ளைகள் ஆசை ஆசையாக அனுப்புவார்கள். போன் பளபளவென்று இருக்கும். சிம்மைப் போட்டால் மட்டும் ‘சேவை இல்லை’ என்று காட்டும். வேலப்பன்சாவடி ஃபிளாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள்கூட அவரைத் தேடி வருவார்கள்.

“அது இன்னா கோளாறு பாய்?” என்று கேட்டால் அவர் சொல்வது இதுதான்: “ஜப்பான்காரன் அவன் ஊர் பஸ் நம்பரை மட்டும் இதுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பிச்சுக்கிறான். நம்ம ஊரு 54-ம் 66-ம் எதிர்லயே வந்து நின்னாலும் இது கை காட்டாது. நான் அந்த நம்பருங்களை உள்ள எழுதி விடறேன். அவ்ளோதான்.”

அதில் ஒரு சிக்கல் இருந்தது. சில போனில் எழுதினது நிலைச்சு நிற்கும். சிலதில் நிற்காது. போன் ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் நம்ம ஊர் அலைவரிசையைப் பிடிக்கும். ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும், எல்லாம் மறந்து பிறந்த ஊர் நினைப்புக்கே போய்விடும். மறுபடி கடைக்குக் கொண்டுவந்து எழுதினால்தான் உண்டு. அதனால் அந்த மாதிரிப் போனுக்கெல்லாம் முதுகில் ஒரு சீட்டு ஒட்டுவார். பள்ளிக்கூட நோட்டில் பெயர் எழுதி ஒட்டுவோமே, அந்த வெள்ளைச் சீட்டு. ‘அணைக்காதே. சார்ஜ் தீர விடாதே’ என்று சிவப்பு மையில் இருக்கும், கீழே கடை நம்பர். எழுதுவது அவர் மனைவி ஃபக்ருன்னிசா. முத்து முத்தான எழுத்து அவளுக்கு. சமையல் ஆனதும் ஒரு முழு ஷீட் எழுதி வைப்பாள். ஷீட் தீர்ந்தால் அடுத்தது. வீட்டுக்காரர் வேலை எப்படி ஓடுகிறதென்று அதை வைத்தே அவள் தெரிந்துகொள்வாள்.

எதிர்ச் சாரியில் திருமுருகன் புதுக்கடை போட்டான். கண்ணாடிக் கதவு, ஏசி, சுழல் நாற்காலி. கெட்டவன் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. பதினோரு மணி டீக்கு ஷவுகத் அலி கடைக்கே வந்து நிற்பான். ஒருநாள் காலேஜ் பெண் ஒருத்தி வேலைக்குக் கொடுத்த போனைத் திரும்ப வாங்க வந்திருந்தாள். அவர் சீட்டை ஒட்டி, மேலே டேப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், போனுக்குத் தாயத்து கட்டி அனுப்புறியா? மந்திரிச்சதா, மந்திரிக்காததா?” என்றான் திருமுருகன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே போனதும் நகத்தால் சீட்டைச் சுரண்டிக்கொண்டே நடந்தாள். ஷவுகத் அலி அதைப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் டீக்கடையிலேயே, “ஸ்டிக்கர் பாய்க்கு ஒரு டீ, சக்கரை கம்மி!” என்று குரல் கேட்டது. ஒரு வாரத்தில் சந்து பூராவும் அந்தப் பெயர்தான். இருபது வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கற்ற கைவேலை. கடைசியில் ஸ்டிக்கர் பாய். சீட்டு ஒட்டுகிறவன் அரைகுறை வேலைக்காரன் என்றல்லவா நினைப்பார்கள்? ஒட்டுவதை நிறுத்திவிட்டார். வாயால் சொன்னால் போதாதா என்று நினைத்தார். சொல்லவும் செய்தார், ஒருத்தரிடம் தவிர.

அந்த ஒருத்தர் நாகம்மா. திருமழிசையில் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஏரியை ஒட்டின தெருவில் வாடகை வீடு. புருஷன் அழகேசன் ஆவடி ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷப் புகை நெஞ்சிலேயே தங்கிப்போய், இழுப்பு. ஆவி பிடிக்கிற மிஷினை மூக்கில் வைத்துக்கொண்டால்தான் மூச்சு சீராகும். ஒரே மகள் மதிவதனி ஜப்பானில், வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் வேலை. அவள் தான் வைத்திருந்த போனை அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள், தங்க நிறத்தில்.

“தம்பி, பொண்ணு அனுப்பிச்சுது. முகம் பார்த்துப் பேசணுமாம். இது இன்னாடான்னா செவுத்தைப் பார்த்துக்கினு கீது, ஒண்ணும் பேச மாட்டேங்குது” என்று நவம்பர் மாதம் ஒரு நாள் வந்து நின்றாள். தன்னைவிடச் சின்ன வயசு ஆணெல்லாம் அவளுக்குத் தம்பிதான். ஷவுகத் அலிக்கு ஐம்பது நெருங்கிவிட்டது, ஆனாலும் தம்பி.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலையை முடித்தார். மதிவதனியைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் முகம் வந்ததும் நாகம்மா போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, “சாப்ட்டியாடி?” என்று சந்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். திருமுருகனும் டீ கிளாஸோடு நின்று சிரித்தான்.

பேசி முடித்து நாகம்மா கேட்டாள்: “இனிமே இதுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல தம்பி?”

அணைக்காதீங்க என்கிற சொல் ஷவுகத் அலியின் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் திருமுருகன் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, “இன்னா பாய், தாயத்து இல்லியா?” என்றான்.

“தாயத்தெல்லாம் எதுக்கு? கவலையே படாதீங்கம்மா. ஊர் போன் மாதிரியே ஆயிடுச்சு” என்றார் ஷவுகத் அலி.

கண்ணுங்களா, அந்த ஒரு பேச்சுதான். நாகம்மா அதை நம்பி வீட்டுக்குப் போனாள். பழைய பட்டன் போன் இனிமேல் எதற்கு என்று, தெருவில் வந்த பிளாஸ்டிக் குடக்காரனிடம் போட்டு ஒரு குடம் வாங்கிக்கொண்டாள்.

டிசம்பரில் புயல் வந்தது. நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், எந்த வீட்டில் எந்தப் படி வரைக்கும் தண்ணி வந்தது என்று. பூந்தமல்லிச் சந்திலும் முழங்கால் தண்ணி. கரண்ட் இல்லாமல், கடை இல்லாமல் அஞ்சு நாள் போயிற்று. மூணு வாரம் கழித்தும் ஷவுகத் அலி கீழ்த்தட்டில் நனைந்த சாமான்களை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தபோது நாகம்மா வந்தாள். வெறும் நெற்றி. கையில் தங்க நிறப் போன், பிளாஸ்டிக் கவரில் சுற்றினபடியே.

“அவரு போய்ட்டாரு தம்பி” என்றாள். அழவில்லை. அழுகையெல்லாம் தீர்ந்த குரல். “ஒரு விஷயம் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்.”

நடந்ததை அவள் வரிசையாகச் சொன்னாள். மாடி வீட்டுக்காரர்கள் மழைக்கு முன்னாடியே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது, “ஏதாச்சும்னா ஒரு போன் அடிங்க, போட் அனுப்பச் சொல்றோம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கரண்ட் போயிற்று. இருட்டினதும் தண்ணி கட்டிலைத் தொட்டது. ரெண்டு பேரும் மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். போனில் முக்கால்வாசி சார்ஜ். மதிவதனியோடு ரெண்டு வார்த்தை பேசினார்கள். அப்புறம் அழகேசனே சொன்னார்: “விடிஞ்சா தண்ணி வடிஞ்சிடும். அணைச்சு வை நாகு. அவசரத்துக்கு ஆவும்.” அவள் அணைத்துக் கவரில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“விடிஞ்சதும் இழுப்பு வந்துடுச்சு. மிஷினுக்குக் கரண்ட் ஏது? போனைப் போட்டேன். எரிஞ்சுது. அடிக்கிறேன், அடிக்கிறேன், போவவே இல்ல. அவரு என் தோள்ல சாஞ்சுக்கினு, ‘இன்னொரு தபா அடி, இன்னொரு தபா அடி’ங்கிறாரு.” அவள் கவரைத் தடவினாள். “பொறுக்க முடியாம தண்ணியில எறங்கினேன். மார் வரைக்கும் இருந்துச்சு. மெயின் ரோடு போய் போட்டுக்காரங்களைக் கூட்டிக்கினு வந்து பார்த்தா, படியில சாஞ்ச மாதிரியே கீறாரு.”

அந்த நிமிஷமே ஷவுகத் அலிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் வேறு சொன்னது.

“டவரெல்லாம் உழுந்துடுச்சேம்மா. யாருக்குமே சிக்னல் இல்ல அன்னிக்கு. நீங்க இன்னா செய்வீங்க?”

“அப்டித்தான் நானும் நெனச்சேன் தம்பி. ஆனா போட்டு ஓட்டிக்கினு வந்த ஆளு எங்க ஊட்டு வாசல்லயே நின்னு போன் பேசினான். இதே கம்பெனி சிம்முதான், கேட்டேன்.” குரல் இறங்கியது. “அப்ப நான்தானே ஏதோ தப்பா அமுக்கிட்டேன்? மதியும் அதான் கேக்குது. ‘இன்னாம்மா அமுக்கினே, ஏன் அணைச்சே’ன்னு. காரியம் முடிஞ்சு விமானம் ஏறுற வரைக்கும் என்னோட பேசல. நான் எதை அமுக்கினேன்னு பார்த்துச் சொல்லு தம்பி. தெரிஞ்சா போதும். என்னாலதான் அவரு போனாருன்னா, போனாரு. தெரியாம இருக்கிறதுதான் முடியல.”

“வெச்சுட்டுப் போங்கம்மா. நாளைக்கு வாங்க. பார்த்து வைக்கிறேன்” என்றார். அவள் தலை மறைகிற வரை போனைத் தொடவில்லை. அப்புறம் எடுத்துப் போட்டுப் பார்த்தார். ‘சேவை இல்லை.’ அழைப்புப் பட்டியலைத் திறந்தார். காலை ஆறே காலிலிருந்து 108, 108, மாடி வீடு, 108, மதி, 108. விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் நிமிஷத்துக்கு ஒன்று. கடைசியில் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. எட்டே காலோடு நின்றுபோயிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் சோற்றில் கை வைக்கவில்லை. ஃபக்ருன்னிசா கேட்டதற்கு, நடந்ததையெல்லாம் சொன்னார்.

அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஒரு ஷீட்டை எடுத்து வந்தாள். ஒரு சீட்டும் உரிக்காமல் முழுசாக இருந்தது. “ரெண்டு மாசமா இது தீரவே இல்ல. வேலைதான் வர்றதில்லன்னு நெனச்சு, உங்களைக் கேட்டா மனசு கஷ்டப்படும்னு நான் கேக்கல மச்சான்” என்றாள்.

“சொல்லிடப் போறேன் அவங்ககிட்ட.”

“சொல்லி? போனவரு வருவாரா? போலீசு வரும். இந்த வேலையே ரூல்ஸ்ல கீதா இல்லியான்னு தோண்டுவாங்க. நம்ம பொண்ணு மஹீராவுக்கு மாப்ள பார்த்துக்கினு கீறோம். புயல்ல எத்தினி பேரு போனாங்க, அதுல இதுவும் ஒண்ணு. அல்லா முடிச்சு வெச்சதை நீங்க ஏன் தொறக்கறீங்க?”

“நான் சொல்லலைன்னா, அவங்கதான் கொன்னாங்கன்னு ஆயிடும் நிசா. அவங்க தலையிலதான் உழும். ஆயுசுக்கும்.”

அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் தொழுதுவிட்டுச் சட்டையை மாட்டும்போது பையில் ஏதோ விறைப்பாகத் தட்டுப்பட்டது. அந்த ஷீட்டை மடித்து அதில் வைத்திருந்தாள்.

மறுநாள் நாகம்மா வந்தாள். நல்ல வெயில். எதிரில் திருமுருகன் கடை வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான். ஷவுகத் அலி ஸ்டூலைத் துடைத்து அவளை உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

“நீங்க எதையும் தப்பா அமுக்கலம்மா. அணைச்சது தப்பில்ல, ஊரே அன்னிக்கு அப்படித்தான் செஞ்சுது. இந்தப் போனை மட்டும் அணைக்கக் கூடாது. அணைச்சா நான் எழுதினது அழிஞ்சு போவும். அது எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல.”

“மறந்துட்டியா தம்பி?”

கண்ணுங்களா, அவள் அவருக்கு வழி விட்டுக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறதி எல்லோருக்கும் வருகிறதுதானே?

“மறக்கல” என்றார். “நாலு பேரு சிரிப்பாங்கன்னு சொல்லல. எப்பவும் ஒரு சீட்டு ஒட்டுவேன். அதையும் ஒட்டல.”

“இன்னா சீட்டு?”

பையிலிருந்து ஷீட்டை எடுத்து, ஒன்றை உரித்துக் காட்டினார். நாகம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘அணைக்காதே.’ திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“இத்தனூண்டு காயிதமா?” என்றாள். “இத்தனூண்டு காயிதமா பாய்?”

தம்பி போய் பாய் ஆகியிருந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

எதிரில் துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது.

நாகம்மா சீட்டை அவரிடமே திருப்பி நீட்டினாள். “இதை மதிகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது. என் மேல பழி வராம இருக்க நானே கட்டிச் சொல்றேன்னு நெனச்சுக்கும். உங்க வாயால சொல்லுங்க.”

தன் போனிலிருந்தே ஷவுகத் அலி கூப்பிட்டார். திரையில் மதிவதனி வந்தாள். வேலை உடுப்பு, பின்னால் நீளமான வராந்தா, சக்கர நாற்காலிகள். அவர் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. திருமுருகன் கேலியைக்கூட அவன் பெயர் சொல்லாமல் சொன்னார்.

“அண்ணே, நான் இங்க தினமும் இருபது பேருக்கு மூச்சு சரியா இருக்கான்னு பார்க்கிறேன்” என்றாள் கடைசியில். “உங்களை என்ன சொல்லித் திட்டறதுன்னு எனக்குத் தெரியல. அம்மாவை என்னென்னமோ சொல்லிட்டேன் நான்.” உடுப்புக் கையால் முகத்தைத் துடைத்தாள். “அம்மாகிட்ட குடுங்க.”

அவர் போனை நாகம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கி, வெயிலில் முதுகு காட்டி நின்றார். உள்ளே ரெண்டு பேர் அழுகிற சத்தம் கேட்டது. ஒன்று பக்கத்தில், ஒன்று தூர தேசத்தில்.

போகும்போது நாகம்மா, “இதுல சிக்னல் எழுதிக் குடுங்க. சீட்டும் ஒட்டுங்க” என்றாள். எழுதிக் கொடுத்தார். சீட்டை ஒட்டும்போது கோணலாகப் போயிற்று. உரித்து மறுபடி ஒட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வரேன் என்று சொல்லவில்லை. அன்றைக்குப் போனவள்தான், அப்புறம் அந்தச் சந்துப் பக்கம் அவளை யாரும் பார்க்கவில்லை.

அவள் தலை மறைந்ததும் திருமுருகன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். கண்ணைப் பார்க்கவில்லை.

“பாய்... அந்த ஷீட்டுல எனக்கு நாலு குடேன்.”

“உனக்கு எதுக்கு?”

“நானும் நாலு போனுக்கு அந்த வேலை செஞ்சு குட்த்துக்கிறேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல.”

ஷவுகத் அலி எண்ணாமல் ஒரு வரிசையைக் கிழித்துக் கொடுத்தார்.

சீட்டு ஒட்டாமல் விட்ட ரெண்டு மாதத்தில் அவர் கையிலிருந்து போன போன்கள் நாகம்மாவுடையது போக ஒன்பது. பேரும் நம்பரும் பழைய டைரியில் இருந்தன. வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். வேலப்பன்சாவடியில் ஸ்ரீநாத் என்கிற ஐ.டி. பையன் கதவைப் பாதி திறந்து, “ஒரு ஸ்டிக்கர் ஒட்டவா இவ்ளோ தூரம் வந்தீங்க? வாட்சப்ல சொன்னா போதாதா?” என்று சிரித்தான். போதாது தம்பி என்று சொல்லி, வாசலிலேயே உட்கார்ந்து ஒட்டிவிட்டு வந்தார். ஆவடியில் ஒரு குவார்ட்டர்ஸில் ஒரு அம்மா, “நீங்க சொன்னது மறந்தே போச்சு. நல்லவேளை வந்தீங்க, நேத்தே அணைக்கலாம்னு இருந்தேன்” என்றாள். இப்படி எட்டுப் பேரைப் பிடித்துவிட்டார்.

ஒன்பதாவது ஆள் லோகநாயகி. தனியாக இருக்கும் வயசான அம்மா என்று மட்டும் ஞாபகம். டைரியில் ஊர் எழுதவில்லை, நம்பர் மட்டும்தான். அடித்தால், ‘நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்று அந்தக் குரல் சொல்கிறது. சிம் கம்பெனியில் கேட்டால் விலாசம் தர மாட்டார்கள். ஷவுகத் அலி தினமும் கடை திறந்ததும் ஷட்டரைத் தூக்கிவிட்டு முதல் வேலையாக அந்த நம்பரை அடிப்பார். குரல் முடிகிற வரை முழுசாகக் கேட்பார். சட்டைப் பையில் லோகநாயகிக்கான சீட்டு ஒன்று எப்போதும் இருக்கும். வேர்வையில் மை கலைந்துபோனால் ஃபக்ருன்னிசா ஒன்றும் கேட்காமல் வேறு எழுதி வைப்பாள். இன்றைக்குக் காலையிலும் அடித்திருப்பார். அதே குரல்தான்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. கண்ணைத் துடைச்சுக்கோங்க. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, ரொம்ப நாளா பேசாதவங்க யாராவது இருந்தா ஒரு போன் அடிச்சுட்டுப் போங்க. உங்க வீட்டுப் படியில தண்ணி ஏறாம இருக்கட்டும். உங்க வீட்டுல யாருக்கும் மூச்சு முட்டாம இருக்கட்டும். நீங்க கூப்பிட்டா அந்தப் பக்கம் எடுக்க ஒரு ஆள் எப்பவும் இருக்கட்டும். உங்களை யாராவது கூப்பிட்டா, அந்தக் கூப்பாடு காத்துல அலையாம நேரா உங்க காதுக்கே வந்து சேரட்டும். பிள்ளை குட்டியோட நல்லா இருங்க.